பனிக்கரடி பார்க்கப் போன ஹட்டன்காரனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலைக் கடைசியில் பத்து நாட்கள் ஒரு சிறிய கப்பலில் ஸ்வால்பார்ட் தீவுகளின் வடக்குக் கரையோரமாகச் சென்று, அங்குள்ள விலங்குகளையும் பறவைகளையும் பார்த்து வந்தேன். ஊர் திரும்பிய அன்று, இலங்கை மலையகத்தின் ஹட்டன் பஸ் நிலையத்தில் தொடங்கிய விசாரணை இன்னும் ஓயவில்லை. பழைய மாணவர்கள், உறவினர், கோயில் திருவிழாவில் எதிர்ப்பட்டவர்கள், ஒருமுறை தராசைப் பிடித்தபடியே மரக்கறிக் கடைக்காரர் என்று பலர் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். விலங்கியல் என் துறை அல்ல. முப்பத்து மூன்று ஆண்டுகள் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கணிதம் கற்பித்தவன். எண்கள் சற்று அதிகமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேர், அந்த இடம் எங்கே இருக்கிறது? அங்கே மனிதர்கள் வாழ்கிறார்களா?

நோர்வேயின் வட முனையிலிருந்து கடல் தாண்டி இன்னும் வடக்கே. ஹட்டன் ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது என்றால், ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லோங்இயர்பியன் 78 பாகையில் இருக்கிறது. வில்லெம் பேரன்ட்ஸ் என்ற ஒல்லாந்தர் 1596இல் அந்தத் தீவுகளைக் கண்டு, கூரான மலைகளைப் பார்த்து ஸ்பிட்ஸ்பேர்கன் என்று பெயர் வைத்தார். 1920இல் கையெழுத்தாகி 1925இல் நடைமுறைக்கு வந்த ஓர் ஒப்பந்தத்தின்படி நோர்வே அவற்றை ஆள்கிறது. பூர்வகுடிகள் என்று அங்கே எவரும் இருந்ததில்லை.

லோங்இயர்பியனில் சுமார் 2500 பேர் வாழ்கிறார்கள். அந்த ஊரில் இறங்கியபோது எனக்கு ஏதோ பழக்கப்பட்ட இடத்துக்கு வந்ததுபோல இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். லோங்இயர் என்ற அமெரிக்கர் 1906இல் நிலக்கரிக்காகத் தொடங்கிய கம்பனி ஊர் அது. வெகுகாலம் வீடும் கம்பனியுடையது, கடையும் கம்பனியுடையது. மலையடிவாரத்தில் சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய நீண்ட குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. "இது மாடி வைத்த லயம்" என்று மகளிடம் சொன்னேன். லயம் என்றால் எங்கள் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு. நோர்வேக்காரரின் கடைசிச் சுரங்கம் 2025இல்தான் மூடப்பட்டது. அங்கே விடுதிக்குள் நுழையுமுன் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். தொழிலாளர் கரித்தூசியோடு வீட்டுக்குள் வராதிருக்க ஏற்பட்ட வழக்கம், இன்றும் தொடர்கிறது. கூட வந்த வெள்ளைக்காரர்கள் காலுறையோடு நின்று சங்கடப்பட்டார்கள். எனக்கு அது என் வீட்டு வாசல்.

எவ்வளவு செலவானது?

என் காசு ஒரு சதமும் இல்லை. ஒஸ்லோவில் வேலை செய்யும் மகள், எனக்கு அறுபது முடிந்ததற்காக அழைத்துப் போனாள். கப்பல் கட்டணம் மட்டுமே ஒருவருக்குப் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும். விமானச் சீட்டு தனி. ஓய்வூதியத்தில் முடியாது. சீட்டுப் பிடித்தாலும் முடியாது.

விசா கிடைக்குமா?

ஸ்வால்பார்டுக்கு என்று விசா கிடையாது. ஆனால் நோர்வே வழியாகத்தான் போக வேண்டும், அதற்குப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பலர் தவறவிடுவது இங்கேதான்: ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. நோர்வேயிலிருந்து அங்கே போவது வெளியேறுவதாகவும், திரும்பி வருவது மீண்டும் நுழைவதாகவும் கணக்காகும். ஆகவே இருமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். கொழும்பில் இருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது என்பதால், விண்ணப்பத்தைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

பெரிய கப்பலில் போனால் மலிவாக இருக்குமே, ஏன் சிறிய கப்பல்?

பெரிய கப்பலில் போனால் கப்பலைத்தான் பார்க்கலாம். 2025 ஜனவரி 1 முதல், ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் நுழைய முடியாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்கவும் 43 இடங்களில் மட்டுமே அனுமதி. எங்கள் கப்பலில் ஐம்பத்திரண்டு பயணிகள். ரப்பர்ப் படகுகளில் பத்துப் பேராக ஏறினால் அரை மணி நேரத்தில் எல்லோரும் கரையில்.

அதைவிட முக்கியமான வேறொன்று உண்டு. பெரிய கப்பல் ரயிலைப் போல நேரத்துக்கு ஓடும். சிறிய கப்பல் தோட்டத்து லொறி மாதிரி, கை காட்டினால் நிற்கும். ஒரு விலங்கு தென்பட்டால் கப்பித்தான் இயந்திரத்தை அடக்கிவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா நிற்பார். இரவு உணவு ஆறிப்போகும், யாரும் முறைப்பட மாட்டார்கள்.

கப்பலில் ஒரு நாள் எப்படிக் கழியும்?

முதல் நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சிநிரலைச் சுவரில் ஒட்டுவார்கள். மறுநாள் அதில் பாதி நடக்காது. காற்றுத் திரும்பும், பனிக்கட்டிகள் வளைகுடாவின் வாயை அடைத்துவிடும், இறங்க வேண்டிய கரையில் கரடி படுத்திருக்கும். கணிதக்காரனான எனக்கு முதல் இரண்டு நாட்கள் இது எரிச்சலாக இருந்தது.

கரையிறங்குமுன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. வழிகாட்டிகள் முதலில் இறங்கி, மேட்டில் ஏறி, கரடி இல்லை என்று உறுதி செய்த பிறகே எங்களை இறக்குவார்கள். கரையில் சாப்பிடக் கூடாது. 1946க்கு முன்பு மனிதர் விட்டுச் சென்ற எதையும் தொடக் கூடாது. துருப்பிடித்த ஆணி, உடைந்த பலகை எல்லாம் சட்டப்படி மரபுச் சின்னம்.

மூன்றாம் நாள் மூடுபனி இறங்கியது. கரையிறக்கம் நிறுத்தப்பட்டது. பனிக்குள் கரடி நின்றால் தெரியாது என்பதே காரணம். சிலர் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். எதிரே வரும் ஆளைச் சத்தத்தால் அறிந்து விலகிப் பழகிய ஊர்க்காரனுக்கு இதில் என்ன புதுமை? மேல்தளத்தில் தனியாக நின்றேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் ஏதோ ஒன்று பக்கத்திலேயே மூச்சுவிட்டுச் சென்றது. திமிங்கிலம் என்றார்கள். எந்த வகை என்று சொல்ல எவராலும் முடியவில்லை.

பனிக்கரடியைப் பார்த்தீர்களா? எவ்வளவு கிட்ட?

மூன்று முறை பார்த்தேன். முதல் நாள் நான் "கண்டுபிடித்த" நான்கு கரடிகளும் கல்.

பனிக்கரடி வெள்ளை என்றே பாடப் புத்தகத்தில் படித்தோம். பனியின் மேல் வைத்துப் பார்த்தால் அது வெள்ளையே அல்ல. பலமுறை துவைத்துப் பழுப்பேறிய வேட்டியின் நிறம். அதைத் தேடும் முறையை வழிகாட்டிப் பெண் ஒருத்தி சொல்லித் தந்தாள். கரையை மேலிருந்து கீழாகப் பட்டைகளாக மனதுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்டையை முழுதாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கண்ணை அலையவிட்டால் ஒன்றும் அகப்படாது.

அவள் பட்டை என்றாள், எனக்கு நிரை என்று கேட்டது. என் அம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கொடுத்து, கங்காணி பிரித்துக் கொடுத்த தேயிலை நிரையில் இறங்கினால் அந்த நிரையைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார். ஆனால் மலையில் சிறுத்தை படுத்திருந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான். எப்படி என்று கேட்டால், "நிரையில ஒண்ணு சேரல" என்பார். சிறுவயதில் எனக்கு அது விளங்கியதில்லை.

ஐந்தாம் நாள் காலை, தேநீரோடு நின்று கரையை நிரை நிரையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரளைக் கற்கள், பழைய பனித் திட்டு, சரளைக் கற்கள், சேராத ஒரு மஞ்சள். நாலு முறை ஏமாந்தவன் என்பதால் வாயைத் திறக்காமல் ஐந்து நிமிடம் பொறுத்தேன். மஞ்சளுக்கு ஒரு காது இருந்தது. சொன்னேன். அந்தப் பெண் தன் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கித் தட்டினாள். பரிசு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பையனைப் போல நான் நின்றதை மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

எவ்வளவு கிட்ட என்ற கேள்விக்கு வருகிறேன். கரடியிடமிருந்து குறைந்தது 300 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடியும் வரை 500 மீற்றர். இது சட்டம். கரடியைத் துரத்துவதும் ஈர்ப்பதும் குற்றம். ஆக, நான் பார்த்தது மூன்று மைதானங்களுக்கு அப்பால் படுத்திருந்த ஒரு கரடியை. நாற்பது நிமிடம் தூங்கியது. எழுந்தது. முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. மறுபக்கம் திரும்பிப் படுத்தது. அவ்வளவுதான். பாய்ச்சலும் இல்லை, வேட்டையும் இல்லை. இதற்காகவா அவ்வளவு தூரம் போனாய் என்று என் தமக்கை கேட்டார். ஆமாம் அக்கா, இதற்காகத்தான்.

ஸ்வால்பார்டிலேயே தங்கி வாழும் கரடிகள் சுமார் 300 என்று கணிக்கிறார்கள். மற்றவை பனிக்கட்டியோடு வந்து போகின்றன. 1973 முதல் அவற்றை வேட்டையாடத் தடை.

கரடி தாக்காதா? உங்களிடம் துப்பாக்கி இருந்ததா?

தாக்கும். ஊருக்கு வெளியே போகும் ஒவ்வொரு குழுவோடும் வெளிச்சக் குண்டும் துப்பாக்கியும் ஏந்திய வழிகாட்டி வருவார். என்னிடம் குடை இருந்தது. அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

கரடி போகட்டும், வேறு எதைப் பார்த்து அசந்துபோனீர்கள்?

கேட்டவர்கள் குறைவு, ஆனால் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். கரடிக்காகப் போகாதீர்கள், பறவை மலைக்காகப் போங்கள்.

ஹின்லோப்பன் நீரிணையில் அல்கேஃபியெல்லெட் என்ற செங்குத்துப் பாறை கடலிலிருந்து நேராக எழும்புகிறது. கருங்கல் தூண்களை நிறுத்தி அடுக்கியது போன்ற பாறை. அதன் ஒவ்வொரு விளிம்பிலும் கில்லிமொட் என்ற பறவை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஏறத்தாழ 60,000 சோடிகள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. தூரத்திலிருந்து பார்த்தால் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கூடிய கூட்டம். கிட்டப் போனால் சத்தமும் அதேதான். படகில் பக்கத்தில் இருந்தவரிடம் பேச முடியவில்லை. நாற்றமும் உண்டு. அந்த எச்சம் வழிந்து இறங்கும் சரிவுகளில் மட்டும் பாசியும் புல்லும் அடர் பச்சையாகத் தழைத்திருக்கின்றன. உரம் போட்ட மலையும் போடாத மலையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் எப்படித் தெரியும், அப்படி.

இந்தப் பறவை கூடு கட்டாது. வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை இடும். முட்டை ஒரு பக்கம் கூராக, நுவரெலியாவில் தெருவோரம் விற்கும் பேரிக்காய் போல இருக்கும். குஞ்சுக்கு மூன்று வாரம் ஆனதும், பறக்கத் தெரியாத நிலையிலேயே, விளிம்பிலிருந்து கடலுக்குள் குதிக்க வேண்டும். நாங்கள் போனது அந்த நாட்களில். தகப்பன் பறவை கூப்பிட்டபடி இருக்கும். குஞ்சு விளிம்புக்கு வரும், எட்டிப் பார்க்கும், உள்ளே ஓடிவிடும். மறுபடி வரும். ஒரு குஞ்சு பதினொரு முறை அப்படிச் செய்தது, எண்ணினேன். பன்னிரண்டாம் முறை குதித்தது. இறக்கை என்று சொல்ல முடியாத இரண்டு துண்டுகளை அடித்துக்கொண்டு விழுந்து, தண்ணீரில் மூழ்கி, தக்கை போல மேலே வந்தது. தகப்பன் பக்கத்தில் இறங்கியது. இரண்டும் கடலைப் பார்த்து நீந்தத் தொடங்கின. தாய் பின்தங்கிவிடும். அடுத்த பல வாரங்கள் தகப்பன்தான் அதற்கு மீன் பிடித்துக் கொடுத்து ஆளாக்கும்.

எல்லாக் குஞ்சும் தண்ணீரில் விழுவதில்லை. சில கரையில் விழும். அங்கே நரி நடந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். மேலே பெரிய கடற்காகங்கள். படகில் ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டார்.

என் மகளை பத்தொன்பது வயதில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வழியனுப்பினேன். அந்தப் படகில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வால்ரஸ் என்றால் என்ன?

கடலில் வாழும் பெரிய பாலூட்டி. வளர்ந்த ஆண் ஒன்றரைத் தொன் வரை நிறை வரும். ஆண், பெண் இரண்டுக்கும் கொம்பு போல இரண்டு நீண்ட பற்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். மீசையால் கடலடிச் சேற்றைத் துழாவிச் சிப்பிகளைத் தின்னும். பற்களுக்காகவும் கொழுப்புக்காகவும் ஏறக்குறைய அழித்தேவிட்டார்கள். 1952இல் பாதுகாப்பு வந்த பிறகு மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. 80 பாகையைச் சற்றே தாண்டி மொஃபன் என்ற தட்டையான தீவு இருக்கிறது. கோடையில் அதன் 300 மீற்றருக்குள் போகக் கூடாது என்பதால் தூர நின்று பார்த்தோம்.

வேறொரு கரையில் நாற்பது வால்ரஸ் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, குரலைத் தாழ்த்தி, ஒரே வரிசையில் நடந்து போனோம். மாட்டுத் தொழுவத்தில் கருவாட்டு மூட்டையைப் பிரித்தால் வரும் வாடை.

திமிங்கிலம்?

மேற்குக் கரையோரம் இரண்டு முறை, தூரத்தில். அந்தக் கடல் ஒருகாலத்தில் வில்தலைத் திமிங்கிலங்களால் நிறைந்திருந்தது என்கிறார்கள். தலை வளைந்த, தடித்த கொழுப்புள்ள இனம். ஒல்லாந்தர் 1619 முதல் ஸ்மீரன்பேர்க் என்ற இடத்தில் அடுப்பு வைத்து அவற்றின் கொழுப்பை உருக்கி எண்ணெயாக்கினார்கள். கொழுப்பு சிந்திச் சிமெந்து போல் இறுகிய அடுப்பு வளையங்களை இன்றும் மணலில் பார்க்கலாம். அந்த இனத் திமிங்கிலத்தை மட்டும் காண்பது அரிது.

குடை எதற்கு?

ஆலாவுக்கு. ஆர்க்டிக் ஆலா என்பது கையளவு உடல், கத்தரிக்கோல் வால், சிவந்த அலகு கொண்ட கடற்பறவை. கோடையில் வடக்கே முட்டையிட்டு, பிறகு தென்துருவப் பகுதிக் கடல் வரை போய் மறு கோடைக்குத் திரும்பும். ஆண்டுக்கு 70,000 கிலோமீற்றர் அளவுக்குப் பறக்கிறது. லோங்இயர்பியனில் தெருவோரத்திலேயே முட்டையிடும். கிட்டப் போனால் நேராக உச்சந்தலையில் கொத்தும், இரத்தம் வரும். மிக உயரமாக இருப்பதைத்தான் தாக்கும் என்பதால் உள்ளூர்க்காரர்கள் ஒரு தடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் ஹட்டனிலிருந்து கொண்டுபோன கறுப்புக் குடையைப் பிடித்தேன். எனக்குச் சேதமில்லை. குடையில் மூன்று ஓட்டை.

மான், நரி இல்லையா?

உண்டு. ஸ்வால்பார்டுக்கே உரிய ரெயின்டியர் மான், கால் குட்டையாய், உடம்பு உருண்டையாய் இருக்கும். 1925 முதல் பாதுகாக்கப்பட்டது. ஊருக்குள்ளேயே மேய்கிறது, நம் ஊர்த் தெரு மாட்டைவிடச் சாது.

தாங்க முடியாத குளிரா?

நினைப்பது போல் இல்லை. ஜூலையில் லோங்இயர்பியனின் சராசரி வெப்பம் 6, 7 பாகை செல்சியஸ். ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் நாளில் நுவரெலியாவில் விடியற்காலை எழுந்தவருக்கு அது புதிதல்ல. ஆனால் திறந்த படகில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறு. அடியில் கம்பளி நூல் உள்ளாடை, நடுவில் தடித்த மேலாடை, வெளியே காற்றும் நீரும் புகாத ஒன்று. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. முழங்கால் வரையான ரப்பர்க் காலணியைக் கப்பலிலேயே தந்தார்கள்.

நுவரெலியாவின் பேல் கடைகளில் ஏற்றுமதிக்குத் தைத்த குளிர்மேலங்கி நல்லதாகக் கிடைக்கும், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வாங்கினேன். ஆனால் இடையில் ஏறிய ஒரு விமானம் என் பெட்டியை வேறு எங்கோ அனுப்பிவிட்டது. முதல் இரண்டு நாட்கள் மகளின் நாவல் நிற மேலங்கியில் கப்பலைச் சுற்றினேன். அத்தியாவசியமானதைக் கைப்பையில் வையுங்கள்.

கப்பலில் வாந்தி வருமா?

கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் தாக்குப்பிடிப்பவருக்கு உள்வளைகுடாக்களில் பயமில்லை. திறந்த கடலில் சிறிய கப்பல் நன்றாகவே ஆடும். எனக்கு ஓர் இரவு வந்தது. மாத்திரையைப் படுத்த பிறகு போடாதீர்கள், ஆட்டம் தொடங்குமுன் போடுங்கள். எந்த மாத்திரை என்பதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், குறிப்பாகப் பிரஷர் உள்ளவர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? நல்ல தேநீர் கிடைத்ததா?

மீன், உருளைக்கிழங்கு, ரொட்டி, சீஸ். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தனியாகச் சமைப்பார்கள். மனைவி கொடுத்துவிட்ட கட்டைச்சம்பல் போத்தல் நான்காம் நாளில் மேசை மேசையாகச் சுற்றியது.

தேநீர் நூல் கட்டிய பைத்தூள். பெட்டியில் சிலோன் என்று அச்சிட்டிருந்தது. முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அம்மா எடுத்த கொழுந்து எங்கெங்கோ போயிருக்கும். அம்மா கண்டிக்கு அப்பால் போனதில்லை. தேநீர் சுமார்தான்.

இருட்டே வராதாமே, எப்படித் தூங்குவது? விளக்கு ஏற்றும் நேரம் எப்படித் தெரியும்?

ஏப்ரல் 20 தொடக்கம் ஓகஸ்ட் 22 அளவும் லோங்இயர்பியனில் சூரியன் மறையாது. தடித்த திரை போட்டிருக்கிறார்கள், தூங்கலாம். நடுச்சாமத்தில் எழுந்து போய் வெயிலில் பறவை பார்க்கலாம் என்பதால் நான் சரியாகத் தூங்கவில்லை. கப்பலில் நெருப்பு ஏற்ற விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அங்கே சாவது சட்டப்படி குற்றமாமே?

முகநூல் கதை. அப்படிச் சட்டம் இல்லை. நிலத்தடி ஆண்டு முழுதும் உறைந்து கிடப்பதால் சவப்பெட்டி வைத்து அடக்கம் செய்வதில்லை, அவ்வளவே.

பனிக்கட்டி உருகுவது கண்ணுக்குத் தெரிகிறதா?

தெரிகிறது. ஒரு பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றபோது, வழிகாட்டி பழைய வரைபடத்தைக் காட்டினார். அதன்படி நாங்கள் நின்ற இடம் பனியாற்றின் உள்ளே இருந்தது. உலகச் சராசரியைவிட அந்தப் பகுதி பலமடங்கு வேகமாகச் சூடாகிறது. கரடி கடல்நாய் (சீல்) பிடிப்பது கடற்பனியின் மேல் நின்று, அந்தத் தளமே கோடையில் வடக்கே விலகிப்போகிறது.

ஆனால் என் நினைவில் நிற்பது சத்தம். பனியாற்றிலிருந்து உடைந்து மிதக்கும் சின்னக் கட்டிகள் ஓயாமல் வெடித்துக்கொண்டே இருந்தன, எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதைப் போல. பழங்காலத்தில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் அவை.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

இரு கண்ணாலும் பார்க்கும் வகையில் 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒன்று போதும். 12 மடங்கு என்று ஆசைப்படாதீர்கள். கப்பலின் அதிர்வில் படம் ஆடும். ஒரு வீட்டுக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். பார்க்க வேண்டிய நேரத்தில் அது எப்போதும் மற்றவர் கையில் இருக்கும்.

சேர், எங்களால் அவ்வளவு தூரம் போக முடியாது. இங்கே எதைப் பார்க்கலாம்?

இதைக் கேட்ட பையன் வசிப்பது நல்லதண்ணியில். சிறுத்தை நடமாடும் மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறான்!

காலை ஆறு மணிக்கு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள், 1988 முதல் தேசியப் பூங்கா. உலக முடிவுப் பள்ளத்துக்கு எல்லோரும் ஓடுவார்கள். ஓடவிட்டு, புல்வெளி ஓரத்தில் நின்று மரைகளைப் பாருங்கள். பாண் போடாதீர்கள். அதைத் தின்னப் பழகிய மரை பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நவம்பரிலிருந்து மார்ச் வரை, பின்புறம் ஓடும் அழுக்குக் கால்வாய் ஓரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் நில்லுங்கள். இமயமலைப் பக்கமிருந்து வரும் ஆறுமணிக்குருவி இலைச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அங்கே வரும், அதைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் எடுத்து வருகிறார்கள். நீலத்திமிங்கிலம் என்றால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தென்கரையின் மிரிஸ்ஸ. உலகின் மிகப் பெரிய விலங்கு, ஹட்டனிலிருந்து ஒரு நாள் பயணத்தில்.

தோட்டங்களில் சிறுத்தையைத் தேடி நீங்கள் போக வேண்டாம். கண்டால் நின்ற இடத்தில் நின்று, அதற்கு வழி விட்டுப் பின்வாங்குங்கள். 300 மீற்றர் சட்டம் இங்கே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது கம்பிச் சுருக்கை நினைத்தால்தான். காட்டுப்பன்றிக்கு என்று மரக்கறித் தோட்ட ஓரத்தில் கட்டுகிறார்கள், அதில் சிறுத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் தொங்குகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படி அகப்பட்டது ஒரு கருஞ்சிறுத்தை, நம் நாட்டில் மிக அரிதானது. மீட்டுக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனது. சுருக்கைக் கண்டால் வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கட்டியவர் உங்கள் மாமாவாக இருந்தால் முதலில் மாமாவிடம் சொல்லுங்கள்.

கரடியின் படம் இருக்கிறதா?

இருக்கிறது, கைபேசியில் எடுத்தது. பெரிதாக்கினால் சரளைக் கரையில் ஏழெட்டுப் புள்ளிகள் தெரியும், அவற்றில் ஒன்று கரடி. என் மனைவி இன்றுவரை கல்லைத்தான் காட்டுகிறாள். வீட்டுக்கு வந்தால் தருகிறேன், மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரையாகப் பாருங்கள்.